சீரம் இல்லாத மீடியத்தில் செல்களுக்கு இரும்பு: எந்த வடிவில், எவ்வளவு, எங்கே கெடும்

கேட்கப்பட்டது இதுதான். எலி ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல் வகை) ஒன்று 10 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்) கலந்த ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்பு மீடியத்தில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. சீரத்தை நிறுத்திவிட்டு, அதே ஆர்பிஎம்ஐயில் இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் கலவையை, அதாவது ஐடிஎஸ்ஸை மட்டும் சேர்த்தார்கள். இரண்டு பாஸேஜ் வரை, அதாவது செல்களைப் பிரித்துப் புதிய மீடியத்துக்கு இரண்டு முறை மாற்றும் வரை, குறையில்லை. மூன்றாவதில் மந்தம், நான்காவதில் வளர்ச்சி நின்றே போனது. ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைப் போட்டால் சரியாகுமா, எவ்வளவு போடலாம், இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினுக்கு விலை குறைந்த மாற்று உண்டா?

இரண்டு பாஸேஜ் ஓடிவிட்டு மூன்றாவதில் படுப்பது இரும்புக் குறைபாட்டின் வழக்கமான நடை. சீரத்தில் இருந்தபோது செல் உபரி இரும்பை ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் சேர்த்து வைத்திருக்கும். சீரத்தை எடுத்த பிறகு அந்தச் சேமிப்பு ஒவ்வொரு செல் பிரிவிலும் பாதியாகிறது. 1:8 விகிதத்தில் பிரித்துப் போட்டால் ஒரு பாஸேஜுக்கு மூன்று பிரிவு. இரண்டு பாஸேஜ் முடிவில் பழைய சேமிப்பில் 64-இல் ஒரு பங்குதான் மிச்சம். அதன்பிறகு மீடியத்தில் இருப்பதை நம்பித்தான் செல் பிழைக்க வேண்டும். முதலில் அடிபடுவது ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். இந்த நொதியின் வினைமையத்தில் இரும்பு இல்லாவிட்டால் டிஎன்ஏ கட்டத் தேவையான டீஆக்ஸி நியூக்ளியோடைடுகள் தயாராகா. செல் உடனே சாகாது. டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் கட்டத்தின் வாசலிலோ நடுவிலோ நின்றுவிடும். அதனால்தான் இறந்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரிபன் ப்ளூவில் உயிர்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருக்க, எண்ணிக்கை மட்டும் ஏறாமல் கிடக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் இரும்பு-கந்தகக் கொத்துகளும் குறைவதால் செல் சர்க்கரையைப் பாதியில் விட்டு லாக்டேட்டாகத் தள்ளும். எண்ணிக்கை குறைவு, ஆனால் மீடியம் சீக்கிரமே அமிலமாகி மஞ்சளாகிறது என்றால் முதல் சந்தேகம் இரும்பின் மேல்தான் விழ வேண்டும்.

இதிலிருந்தே ஒரு நடைமுறை விதி வருகிறது. எந்த இரும்பு மாற்றையும் ஒரே பாஸேஜில் சோதித்து முடிவுசெய்யக் கூடாது. பழைய சேமிப்பில் ஓடும் செல், நீங்கள் போட்டது வேலை செய்கிறது என்று பொய்ச்சாட்சி சொல்லும். குறைந்தது மூன்று பாஸேஜ், முடிந்தால் ஐந்து.

இனி உங்கள் அடிப்படை மீடியத்தைப் பாருங்கள். ஆர்பிஎம்ஐ 1640-இன் சூத்திரத்தில் இரும்பே கிடையாது. ஈகிளின் எம்இஎம் மீடியத்திலும் கிடையாது. டிஎம்இஎம் மீடியத்தைத் திருத்தி உண்டாக்கிய ஐஎம்டிஎம்மில் அதன் ஃபெரிக் நைட்ரேட்டை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் நைட்ரேட் வைத்திருக்கிறார்கள், ஆக அதிலும் இல்லை. டிஎம்இஎம்மில் லிட்டருக்கு 0.1 மி.கி. ஃபெரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட், அதாவது வெறும் 0.25 மைக்ரோமோலார். ஹாமின் எஃப்-12-இல்தான் லிட்டருக்கு 0.834 மி.கி. ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், 3 மைக்ரோமோலார். இரண்டையும் சரிபாதி கலந்த டிஎம்இஎம்/எஃப்-12-இல் சுமார் 1.6 மைக்ரோமோலார் இருக்கும். சீரம் இல்லாத சூத்திரங்களில் பெரும்பாலானவை இந்தக் கலவையின் மேல் எழுப்பப்பட்டிருப்பதற்கு இரும்பு, துத்தநாகம், செம்பு மூன்றும் அதில் ஏற்கெனவே இருப்பது ஒரு முக்கியக் காரணம். மனிதத் தண்டுசெல்களுக்கு 2011-இல் வெளிவந்த இ8 மீடியமும் அப்படித்தான்: டிஎம்இஎம்/எஃப்-12-இன் மேல் லிட்டருக்கு 10.7 மி.கி. டிரான்ஸ்ஃபெரின்.

ஐடிஎஸ் பாட்டிலின் லேபிளில் உள்ளதை லிட்டர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் விஷயம் பிடிபடும். வழக்கமான 100 மடங்கு செறிந்த ஸ்டாக்கை நீர்த்தால் லிட்டருக்கு இன்சுலின் 10 மி.கி., டிரான்ஸ்ஃபெரின் 5.5 மி.கி., சோடியம் செலினைட் 6.7 மைக்ரோகிராம். டிரான்ஸ்ஃபெரினின் மூலக்கூறு எடை சுமார் 80,000. ஒரு மூலக்கூறு இரண்டு ஃபெரிக் அயனியை (மூன்று மின்னூட்டமுள்ள இரும்பை) பிடிக்கும். ஆக, 5.5 மி.கி. டிரான்ஸ்ஃபெரின் 0.07 மைக்ரோமோலார்; அது முழுவதும் இரும்பு ஏறியதாக இருந்தாலும் கொண்டுவருவது 0.14 மைக்ரோமோலார் இரும்பு. தேவை எவ்வளவு? ஒரு செல்லுக்குள் மொத்த இரும்பு சில நூறு மைக்ரோமோலார் அளவில் இருக்கும். ஹைப்ரிடோமா அளவுள்ள செல்லுக்கு அரை ஃபெம்டோமோல் என்று வைத்துக்கொண்டால், மி.லி.க்கு 10 லட்சம் செல் உருவாக 0.5 மைக்ரோமோலார் வேண்டும். உங்கள் ஆர்பிஎம்ஐயில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மருந்துப் புரதம் தயாரிக்கும் சிஎச்ஓ (சீன வெள்ளெலிச் சினைப்பை) செல்களை மி.லி.க்கு 2 கோடி வரை ஏற்றுகிறவர்களுக்கு இதே கணக்கில் 10 மைக்ரோமோலார் செல்லுக்குள்ளேயே போய்விடும். தொழிற்சாலை மீடியங்களில் பத்து முதல் நூறு மைக்ரோமோலார் வரை இரும்பு வைப்பது இதனால்தான்.

அப்படியானால் இ8-இல் 10.7 மி.கி. டிரான்ஸ்ஃபெரின் எப்படிப் போதுகிறது? டிரான்ஸ்ஃபெரின் சரக்கு அல்ல, சரக்கு ஏற்றும் லாரி. இரும்பு ஏறிய டிரான்ஸ்ஃபெரின் செல் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில், அதாவது சிடி71-இல் ஒட்டி, ஏற்பியோடு உள்ளே இழுக்கப்படுகிறது. எண்டோசோமுக்குள் பிஎச் 5.5 அளவுக்கு இறங்கும்போது பிடி தளர்ந்து இரும்பு விடுபடும். ஸ்டீப்3 என்ற நொதி அதை ஃபெரஸாக (இரண்டு மின்னூட்டமுள்ள இரும்பாக) ஒடுக்கும். டிஎம்டி1 என்ற கடத்தி அதைச் சைட்டோபிளாசத்துக்குக் கடத்தும். காலி டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை விட்டுவிடாமலே மேற்பரப்புக்குத் திரும்பி, வெளியே பிஎச் 7.4-ஐத் தொட்டதும் கழன்றுகொள்ளும். ஒரு சுற்றுக்குப் பத்து இருபது நிமிடம். வெளியே மீண்டும் ஏற்றிக்கொள்ள இரும்பு இருந்தால் அதே மூலக்கூறு நாள் முழுக்க ஓடும். டிஎம்இஎம்/எஃப்-12-இல் அந்த இரும்பு இருக்கிறது. ஆர்பிஎம்ஐயில் இல்லை. முதல் சுற்றோடு லாரி காலியாகவே நிற்கும். அதற்கும் மேலாக, காலி டிரான்ஸ்ஃபெரின் ஃபெரிக் இரும்பை மிக இறுக்கமாகப் பிடிப்பது; மாசாக வந்துசேரும் கொஞ்சநஞ்ச இரும்பையும் பற்றிக்கொள்ளும். இரும்பில்லாத மீடியத்தில் அபோ-டிரான்ஸ்ஃபெரினை, அதாவது காலி டிரான்ஸ்ஃபெரினை, அதிகப்படுத்துவது செல்லுக்குக் கொடுப்பது அல்ல, செல்லிடமிருந்து பிடுங்குவது. அளவை ஏற்றுவதற்கு முன் கையிலிருப்பது அபோவா, இரும்பு ஏறிய ஹோலோவா என்று கட்டாயம் பாருங்கள். ஹோலோவின் கரைசல் சால்மன் நிறத்தில் தெரியும், அபோ நிறமற்றது. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 465 நானோமீட்டர் அளவீட்டை 280-இன் அளவீட்டால் வகுத்தால், மனித டிரான்ஸ்ஃபெரின் முழுக்க ஏறியிருக்கும்போது சுமார் 0.045 வரும். அதில் பாதி வந்தால் பாதிதான் ஏறியிருக்கிறது.

எந்த உயிரினத்தின் டிரான்ஸ்ஃபெரின் என்பதும் முக்கியம். மாட்டு டிரான்ஸ்ஃபெரின் மனித ஏற்பியிலும் எலி ஏற்பியிலும் பலவீனமாகவே ஒட்டும். அதே விளைவுக்குப் பல மடங்கு தேவைப்படும். மனித டிரான்ஸ்ஃபெரின் எலி ஏற்பியில் நன்றாக வேலை செய்யும். மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததில் வைரஸ் அபாயம் பற்றிய கேள்வி எழும் என்பதால், மருந்து உற்பத்திப் பக்கம் போகப்போகிறவர்கள் நெல்லிலோ ஈஸ்ட்டிலோ உண்டாக்கிய மறுசேர்க்கை மனித டிரான்ஸ்ஃபெரினை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஃபெரஸ் சல்பேட். அதை நேராக மீடியத்தில் கொட்டினால் என்ன ஆகும்? காற்றுள்ள, பிஎச் 7.4 உள்ள கரைசலில் ஃபெரஸ் இரும்பு சில நிமிடங்களில் ஃபெரிக்காக ஆக்ஸிஜனேற்றம் அடையும். பிடிமானம் இல்லாத ஃபெரிக் அயனி இந்த பிஎச்சில் கரைந்து நிற்கக்கூடிய அளவு சுமார் பத்தின் மைனஸ் 18-ஆம் அடுக்கு மோலார், நடைமுறையில் பூஜ்யம். மீதியெல்லாம் ஹைட்ராக்ஸைடாகவும் பாஸ்பேட்டாகவும் வீழ்படியும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, 0.22 மைக்ரான் ஃபில்டரில் சிக்கி, நீங்கள் போட்டதாக நினைத்த இரும்பு ஃபில்டரோடு குப்பைக்குப் போகும். ஆர்பிஎம்ஐ இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட மோசம்: அதில் பாஸ்பேட் 5.6 மில்லிமோலார், டிஎம்இஎம்மில் 0.9 மட்டுமே. இன்னொரு பக்கம், ஆக்ஸிஜனேற்றத்தின் போதே ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகி, மிச்சமுள்ள ஃபெரஸுடன் சேர்ந்து ஹைட்ராக்ஸில் ராடிக்கலைத் தரும். அதுதான் ஃபென்டன் வினை. சீரம் உள்ள மீடியத்தில் அல்புமின், கேட்டலேஸ், டிரான்ஸ்ஃபெரின் எல்லாம் சேர்ந்து இதை அமுக்கிவிடும். சீரம் இல்லாதபோது அந்தத் தடுப்பு எதுவும் இல்லை. எஃப்-12-இல் ஃபெரஸ் சல்பேட் இருக்கிறதே என்றால், அங்கே அளவு சிறியது. டிரான்ஸ்ஃபெரின் உடனிருந்தால் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போதே அதில் ஏறிக்கொள்ளும். ஒன்றிரண்டு மைக்ரோமோலார் வரை, டிரான்ஸ்ஃபெரினோடு சேர்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அன்றன்று கரைத்துப் போட்டால் ஃபெரஸ் சல்பேட் தாங்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஆக, எவ்வளவு இரும்பு என்ற கேள்விக்கு முன், அதை எது பிடித்து வைத்திருக்கிறது, செல் அதை எந்த வழியாக எடுக்கிறது என்ற கேள்வி வருகிறது. பிடிப்பது மிகத் தளர்ந்தால் வீழ்படியும். மிக இறுகினால் செல்லுக்குக் கிடைக்காது. டிரான்ஸ்ஃபெரின் இல்லாமலும் செல்கள் இரும்பை எடுக்கும். மேற்பரப்பிலுள்ள ஒடுக்கும் நொதிகள் ஃபெரிக்கை ஃபெரஸாக்க, ஜிப்14 போன்ற கடத்திகள் உள்ளே கொண்டுசெல்லும். இந்த வழியின் பலம் செல்லுக்குச் செல் மாறும். சிஎச்ஓ சுலபமாகப் பழகிக்கொள்ளும். ஹைப்ரிடோமாக்களில் சில பழகும், சில அடம்பிடிக்கும்.

மாற்றுகளில் என் முதல் தேர்வு ஃபெரிக் சிட்ரேட், ஆனால் உபரி சிட்ரேட்டோடு. இரும்பும் சிட்ரேட்டும் 1:1-ஆக இருந்தால் அவை சங்கிலியாகப் பிணைந்து பழுப்புக் கூழ்மமாகும். அந்தக் கூழ்மத்திலிருந்து செல் எடுப்பதும் மெதுவு, டிரான்ஸ்ஃபெரின் ஏற்றிக்கொள்வதும் மெதுவு. சிட்ரேட்டை 10 முதல் 20 மடங்கு வைத்தால் இரும்பு சிறிய, விரைவில் கைமாறும் சேர்மமாக நிற்கும். ஃபெரிக் சிட்ரேட் தூளை வாங்கி வெறும் தண்ணீரில் கரைக்கிறவர்கள் படும் தொல்லையெல்லாம் இதில் அடங்கும்: கரைய மணிக்கணக்காகும், சூடாக்கினால்தான் கரையும், கரைந்ததும் ஒவ்வொரு பேட்ச்சும் ஒவ்வொரு மாதிரி நடக்கும்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் தண்ணீரில் உடனே கரையும் என்பதால் பலரும் விரும்புவது. அதற்கு நிலையான சூத்திரம் கிடையாது. பழுப்பு வகையில் எடையில் சுமார் 16.5 முதல் 18.5 சதவீதமும், பச்சை வகையில் 14.5 முதல் 16 சதவீதமும் இரும்பு இருக்கும். மூலக்கூறு எடையை இணையத்தில் தேடிக் கணக்குப் போடாமல், அந்த லாட்டின் சான்றிதழிலுள்ள இரும்புச் சதவீதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். 17 சதவீதம் என்றால் 10 மில்லிமோலார் இரும்புக்கு 100 மி.லி.யில் 0.329 கிராம். கூடவே அம்மோனியமும் வரும். நூறு மைக்ரோமோலார் அளவுகளில் அது பெரிய விஷயமல்ல, அதற்கு மேல் போனால் கணக்கில் சேருங்கள்.

டிரோபோலோன் சவ்வுகளை ஊடுருவும் சிறிய பிடிமூலக்கூறு. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டோடு சில மைக்ரோமோலார் சேர்த்து என்எஸ்0 என்ற எலி மைலோமா செல்களை டிரான்ஸ்ஃபெரின் இல்லாமல் வளர்க்க இது பயன்பட்டிருக்கிறது. மூன்று டிரோபோலோன் ஒரு ஃபெரிக் அயனியைச் சுற்றிக்கொள்ளும்போது மின்னூட்டமற்ற சேர்மம் கிடைக்கிறது, அது செல்லுக்குள் நழுவிப் போகும். இரும்பு குறைந்து டிரோபோலோன் மிஞ்சினால் அது செல்லுக்குள்ளிருக்கும் இரும்பையே பிடுங்கிக் கொன்றுவிடும். முதலில் இரும்பு மீடியத்தில் இருக்க வேண்டும், பிறகுதான் டிரோபோலோன். ஃபெரிக் ஈடிடிஏ கரைந்து நிற்கும், ஆனால் பெராக்ஸைடோடு தாராளமாக வினைபுரியும். சீரம் இல்லாத இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோடியம் நைட்ரோபுருசைடைப் பழைய கட்டுரைகளில் பார்ப்பீர்கள். அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடும் சயனைடும் விடுபடக்கூடும் என்பதால் இன்று அதற்குத் தேவையில்லை.

ஸ்டாக் தயாரிக்கும் முறை, 100 மி.லி.க்கு, 10 மில்லிமோலார் இரும்பு, 200 மில்லிமோலார் சிட்ரேட்: 80 மி.லி. உயர்தூய்மை நீரில் டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 5.88 கிராம் கரைத்துக் காந்தக் கலக்கியில் விடுங்கள். வேறொரு குழாயில் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.270 கிராமை 5 மி.லி. 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள்; வெறும் தண்ணீரில் கரைத்தால் அங்கேயே நீராற்பகுப்பு தொடங்கிவிடும். இந்த இரும்புக் கரைசலைச் சிட்ரேட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிட்ரேட்டை இரும்புக்குள் ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் தொடக்கத்தில் இரும்பு மிஞ்சிய நிலையிலேயே கூழ்மம் உருவாகி, பிறகு எவ்வளவு சிட்ரேட் சேர்ந்தாலும் கலைய நேரமெடுக்கும். கரைசல் தெளிவாக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்க வேண்டும். செம்பழுப்பு வந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சோடியம் ஹைட்ராக்ஸைடால் பிஎச்சை 7.0-க்கும் 7.4-க்கும் இடையில் நிறுத்தி, 100 மி.லி.க்கு நிரப்பி, ஓரிரு மணி நேரம் கலக்க விட்டு, 0.22 மைக்ரானில் வடிகட்டி, ஒளிபுகாப் பாட்டிலில் 4 டிகிரியில் வையுங்கள். வெளிச்சத்தில் ஃபெரிக் சிட்ரேட்டின் இரும்பு ஃபெரஸாக ஒடுங்கி, சிட்ரேட்டும் சிதையும். ஃபெரிக் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும். திறந்து நாளாகிப்போன, கசிந்து ஒட்டும் பாட்டிலிலிருந்து நிறுத்தால் இரும்பு குறைவாகவே இருக்கும்.

லிட்டருக்கு 1 மி.லி. இந்த ஸ்டாக் என்றால் 10 மைக்ரோமோலார் இரும்பும் 0.2 மில்லிமோலார் சிட்ரேட்டும். 5 மி.லி. போட்டால் சிட்ரேட் 1 மில்லிமோலார் ஆகிவிடும். சிட்ரேட் கால்சியத்தையும் பிடிக்கும்; ஆர்பிஎம்ஐயில் கால்சியம் 0.42 மில்லிமோலார்தான். தொங்கலில் வளரும் ஹைப்ரிடோமா இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒட்டி வளரும் செல்கள் உரிந்து வரும். 20 மைக்ரோமோலாருக்கு மேல் போக வேண்டுமானால் சிட்ரேட்டை 10 மடங்காகக் குறைத்து இன்னொரு ஸ்டாக் செய்துகொள்ளுங்கள்.

அளவைக் கண்டுபிடிக்க 0, 2, 5, 10, 20, 50, 100 மைக்ரோமோலார் என்று வரிசை வையுங்கள். இதோடு இரண்டு ஒப்பீடுகள் தவறாமல் வேண்டும்: ஒன்று, இரும்பில்லாமல் அதே அளவு சிட்ரேட் மட்டும், மற்றொன்று, லிட்டருக்கு 10 முதல் 30 மி.கி. ஹோலோ-டிரான்ஸ்ஃபெரின். முதலாவது இல்லாவிட்டால் 100-இல் வளர்ச்சி குறைந்தது இரும்பாலா, கால்சியம் பறிபோனதாலா என்று பிரிக்க முடியாது. இரண்டாவது இன்னும் முக்கியம். ஹோலோ-டிரான்ஸ்ஃபெரின் போட்டும் செல் எழவில்லை என்றால் குறை இரும்பில் இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள். ஹைப்ரிடோமாவுக்கு எத்தனோலமின் 20 மைக்ரோமோலார் அளவில் தேவைப்படும். ஐடிஎஸ்ஸிலேயே எத்தனோலமின் சேர்த்த வகை தனியாகக் கிடைக்கிறது. என்எஸ்0 வழிவந்த செல் என்றால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் இல்லாமல் வளராது. ஆர்பிஎம்ஐயில் ஐடிஎஸ் மட்டும் போட்டு இயக்கும்போது இந்த இரண்டும் இரும்போடு சேர்ந்தே விடுபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு நாளும் உயிருள்ள செல்களை எண்ணி, மூன்றாவது பாஸேஜில் கிடைக்கும் இரட்டிப்பு நேரத்தையும் உச்ச அடர்த்தியையும் ஒப்பிடுங்கள். இரட்டிப்பு நேரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்து, உச்ச அடர்த்தி மட்டும் இரும்போடு ஏறினால் அளவு போதவில்லை. குறைந்த இரும்பிலும் நிறைந்த இரும்பிலும் இரட்டிப்பு நேரம் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் செல் அந்த வடிவத்தை எடுக்கத் தெரியாமல் திணறுகிறது. அதற்கு டிரான்ஸ்ஃபெரினோடு தொடங்கி, ஃபெரிக் சிட்ரேட்டை 10 மைக்ரோமோலாரில் நிலையாக வைத்து, டிரான்ஸ்ஃபெரினை இரண்டு பாஸேஜுக்கு ஒருமுறை பாதியாக இறக்கிப் பழக்குங்கள். சில ஹைப்ரிடோமாக்களுக்கு டிரான்ஸ்ஃபெரின் இல்லாதபோது 500 மைக்ரோமோலார் ஃபெரிக் சிட்ரேட் வரை கொடுத்த ஆய்வுகள் உண்டு. ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். முதலில் கீழிருந்து ஏறிப் பாருங்கள்.

இரும்பு போதுமா என்று செல்லையே கேட்கலாம். இரும்பு குறைந்தால் செல் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைக் கூட்டி, ஃபெரிட்டினைக் குறைக்கும். மேற்பரப்புச் சிடி71-ஐ ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால், வளர்ச்சி குறைவதற்கு ஒரு பாஸேஜ் முன்பே ஏறத் தொடங்கியிருப்பது தெரியும். சீரத்தில் வளர்ந்த அதே செல்லை உடன் வைத்து ஒப்பிடுங்கள், தனி எண்ணுக்கு அர்த்தமில்லை. வேகமாகப் பிரியும் செல் இயல்பாகவே சிடி71-ஐ அதிகம் காட்டும் என்பதால், இரண்டும் வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும்.

மீடியத்தில் உண்மையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளக்க, ஃபெரஸ் இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசைன் போதும். அமிலத்தால் இரும்பைப் பிடியிலிருந்து விடுவித்து, அஸ்கார்பேட்டால் ஒடுக்கி, அம்மோனியம் அசிட்டேட்டால் பிஎச்சை ஏற்றி, 562 நானோமீட்டரில் படியுங்கள். செம்பு குறுக்கிடாமல் இருக்க நியோகுப்ரோயின் சேர்க்க வேண்டும். 1 செ.மீ. பாதையில் ஒரு மைக்ரோமோலாருக்கு 0.028 அளவுதான் உறிஞ்சும், ஆகவே ஒன்றிரண்டு மைக்ரோமோலாருக்குக் கீழே இதை நம்ப முடியாது. அதற்கு நுண்ணளவு உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி வேண்டும். ஃபீனால் ரெட் உள்ள மீடியத்தில் ஃபெரோசைன் சேர்க்காத பிளாங்க் கட்டாயம். வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஸ்டாக் சரி. பின்னது குறைந்தால் அந்த வித்தியாசம் ஃபில்டரில் கிடக்கிறது.

அதிகமாகப் போட்டால் வரும் கேடு வேறு முகம் காட்டும். குறைபாட்டில் செல் நிற்கும், மிகையில் சாகும். சவ்விலுள்ள கொழுப்புகள் இரும்பின் துணையோடு பெராக்ஸிடேஷன் அடைந்து செல் சாவதற்கு 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெராக்ஸைடுகளைத் துடைக்கும் ஜிபிஎக்ஸ்4 நொதிக்குச் செலினியம் தேவை. ஐடிஎஸ்ஸில் செலினைட் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்: ஐடிஎஸ்ஸை விட்டுவிட்டு இன்சுலினையும் ஃபெரிக் சிட்ரேட்டையும் தனித்தனியே சேர்க்கிறவர்கள் செலினைட்டை மறந்துவிட்டு, இரும்பு நச்சு என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. சந்தேகம் இருந்தால் வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் இந்தச் சாவைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 சேர்த்துப் பாருங்கள். செல் பிழைத்தால் சாவு கொழுப்புப் பெராக்ஸைடால்தான். அஸ்கார்பிக் அமிலத்தை இரும்போடு நேராகச் சேர்த்தால் அது ஃபெரிக்கை ஒடுக்கி, ஒடுங்கியது மீண்டும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, பெராக்ஸைடு தொடர்ந்து உண்டாகும். அஸ்கார்பிக் அமிலம்-2-பாஸ்பேட்டையே பயன்படுத்துங்கள். சிஸ்டீன் அதிகமுள்ள ஃபீடில் (வளர்ப்பின் நடுவில் ஊட்டும் செறிந்த கரைசலில்) இரும்பைச் சேர்த்து வைத்தால் சிஸ்டீன் சிஸ்டினாக மாறிப் படியும். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் வையுங்கள்.

ஆன்டிபாடியின் தரம் உங்களுக்கு முக்கியம் என்றால் இன்னும் ஒரு விஷயம். இரும்பு உப்புகளில் மாங்கனீஸ் மாசாக வரும், லாட்டுக்கு லாட் வேறுபடும். கேலக்டோஸைச் சர்க்கரைச் சங்கிலியில் சேர்க்கும் நொதிக்கு மாங்கனீஸ் துணைக்காரணி; அதன் அளவு ஏறினால் ஆன்டிபாடியின் கேலக்டோஸ் அளவும் ஏறும். இரும்பு லாட்டை மாற்றிய மாதத்தில் கிளைக்கோசைலேஷன் (ஆன்டிபாடியின் சர்க்கரைச் சங்கிலி அமைப்பு) நகர்ந்திருந்தால் செல்லைக் குறை சொல்லாமல் சான்றிதழைப் பாருங்கள். அதில் மாங்கனீஸ் எண் இல்லாவிட்டால் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். இரும்பு மிகையானால் தயாரிப்பு லேசாக நிறம் ஏறுவதும், ஆன்டிபாடியின் அமில மின்னூட்ட வடிவங்கள் கூடுவதும் உண்டு. உச்ச அடர்த்தியைத் தரும் மிகக் குறைந்த இரும்புதான் சரியான அளவு.

உங்கள் ஹைப்ரிடோமாவுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் ஆர்பிஎம்ஐயை விட்டு டிஎம்இஎம்/எஃப்-12-க்கு மாறுங்கள். அதே ஐடிஎஸ், கூடவே எத்தனோலமின் 20 மைக்ரோமோலார். பெரும்பாலும் இதுவே பிரச்சினையைத் தீர்க்கும். ஆர்பிஎம்ஐயிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஐடிஎஸ்ஸோடு மேற்சொன்ன ஸ்டாக்கில் லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.லி. சேருங்கள், 5 முதல் 10 மைக்ரோமோலார் ஃபெரிக் சிட்ரேட் கிடைக்கும், ஐடிஎஸ்ஸின் டிரான்ஸ்ஃபெரின் அதிலிருந்து ஏற்றிக்கொள்ளும். நின்றுபோன நான்காவது பாஸேஜ் செல்களில் இதைச் சோதிக்காதீர்கள், அவற்றில் மீண்டெழுவது எந்தக் கூட்டம் என்று தெரியாது. சீரத்தில் உறைய வைத்த குப்பியை எடுத்து, மீடியத்தைப் பாதிப் பாதியாக மாற்றி இறக்குங்கள். புதிய மீடியத்தில் ஐந்து பாஸேஜ் சீராக ஓடியதும், வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் இருக்கும் செல்களை அதே மீடியத்தில், உறைவின் சேதத்தைத் தடுக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் சேர்த்து உறைய வைத்து, ஒரு குப்பியை எழுப்பி, இன்னும் மூன்று பாஸேஜ் ஓட்டிப் பார்த்த பிறகே சீரத்தில் உறைய வைத்த குப்பிகளின் பேங்க்கைக் கைவிடுங்கள்.